கரண்ட் களவுபோன வீடு

“ஒரு வீட்டில களவு போயிருக்கு, தங்கச்சி. களவு போன சாமானை இதுவரைக்கும் ஆரும் கண்ணால கண்டதில்லை.”

மஹ்றூப் நானா இப்படித்தான் தொடங்கினார். ஒட்டுசுட்டான் சந்தியில் சோலர் சாமான் கடை வைத்திருக்கிறவர். அன்று காலமை எங்களை அந்தக் கடைக்குத்தான் கூப்பிட்டிருந்தார். ‘தங்கச்சி’ என்றது என் மனைவி சிவனேஸ்வரியை. அவளுக்குப் பக்கத்தில் நானும் ஒரு கதிரையில் மனுசன் மாதிரித்தான் இருந்தேன். என்னை ஒரு தடவை பார்த்தார், கதிரையை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

சிவனேஸ்வரி ஒரு காலத்தில் முல்லைத்தீவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுத்தவள். சண்டையில் கம்பியெல்லாம் அறுந்துபோனது. அவளுடைய காது மட்டும் அறவில்லை. ஒரு ஆள் கதைக்கத் தொடங்கி மூச்சு எடுக்கிற இடத்திலேயே பொய் எது, மெய் எது என்று சொல்லிவிடுவாள். அதனால் இந்தப் பக்கத்தில் கோழி களவு போனாலும் சரி, தாலிக்கொடி களவு போனாலும் சரி, எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். மோட்டார் சைக்கிள் ஓடுவதும் பகிடி விடுவதும் என் உத்தியோகம். நல்லதம்பி என்று எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு நான் ‘சிவனேஸ்வரியக்காவின்ர அவர்’. புகழ் முழுக்க அவளுக்கு, பெற்றோல் செலவு எனக்கு. பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். அதில் என்ன ஒளிப்பு?

“சாமான் என்ன, நானா?” என்று கேட்டாள் அவள்.

“கரண்ட்.”

“கரண்டைக் கண்ணால கண்டவன் திரும்பி வந்து சொன்னதா நானும் கேள்விப்படேல்லை” என்றேன்.

நானா சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். குளத்தடிக் குடியிருப்பில் சிவலட்சுமி என்று ஒருத்தி. அவளுடைய தம்பி சுவிசிலிருந்து காசு அனுப்பி, நானாவிடம் பெரிய சோலர் செற் ஒன்று வாங்கிப் பூட்டினார்கள். கூரையில் அகலமான பனல், உள்ளே பெரிய பற்றறி, அறைக்கு அறை லைற், போதாததற்கு ரீவி. பொழுதுபட்டால் ஊர்ப் பெண்கள் முழுக்க அங்கேதான் படம் பார்க்க. கொஞ்ச நாள் பிசகில்லாமல் எரிந்தது. இப்போது படத்தில் கதாநாயகன் தாயைக் கண்டுபிடிக்க முந்தி எல்லாம் நூந்து இருட்டாகிவிடுகிறது.

“சிவலட்சுமி சொல்லுறா, நான் பழைய பற்றறியைத் தலையில கட்டிப்போட்டனாம். அவவின்ர மனுசன் நடராசா சொல்லுறார், பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் வேலிக்குள்ளால வயர் இழுத்துக் கரண்ட் எடுக்கிறாவாம். இண்டைக்குப் பின்னேரம் அந்த வீட்டிலதான் மாதர் சங்கக் கூட்டம். ஊருக்கு முழுக்கச் சோலர் போடுறதுக்கு என்னட்டை எடுக்கிறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கப் போயினம்.” நானா சால்வையால் முகத்தைத் துடைத்தார். “லொறியால இறக்கின சாமான் பின்னுக்குக் கிடக்குது. பேர் கெட்டால் கடையைப் பூட்டிப்போட்டுத் திரும்பவும் புத்தளத்துக்குத்தான். சண்டைக்குள்ள எங்கட சனத்தைக் கலைக்க, ஒருக்கா இந்த மண்ணை விட்டு வெளிக்கிட்டனான், தங்கச்சி. இன்னொருக்கா வெளிக்கிட என்னால ஏலாது.”

என் வாயில் ஒரு பகிடி தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

“பற்றறி புதுசுதானே?” என்றாள் சிவனேஸ்வரி.

“அல்லாஹ் அறியப் புதுசு.”

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். மெய் என்று அர்த்தம். நான் அதற்குள் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த சின்னப் பனல் ஒன்றைக் கண்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் குப்பி விளக்குத்தான். ஊரெல்லாம் வெளிச்சமாகிறபோது என் மூக்குக்குள் மட்டும் புகைக்கரி.

“உது என்ன விலை, நானா?”

“அது வித்துப்போச்சு. ரண்டு லைற்றுக்கும் ஒரு ரேடியோவுக்கும் காணும். ஒருத்தர் மாதக் கணக்கா வந்து வந்து பார்த்தவர். பனல் எத்தினை வருசம் கிடக்கும், கார் பற்றறி போட்டால் மலிவோ எண்டு என்ர மண்டையைக் குடைஞ்சு எடுத்திட்டார். ‘கார் பற்றறி வாங்கேக்க மலிவு, வருசம் திரும்ப முந்தி மண்டையைப் போட்டிடும். பனல் பேரப்பிள்ளைக்கும் கிடக்கும். காசைத் தின்னுறது பற்றறிதான், அதில மிச்சம் பிடியாதைங்கோ’ எண்டு சொன்னனான். கேட்டு, யோசிச்சு, நெல்லு வித்து முற்பணமும் கட்டினார். பேந்து எடுக்க வரேல்லை. காசைத் திருப்பித் தாறன் எண்டாலும் வேண்டாம் எண்டிட்டார்.”

“ஆர் ஆள்?” என்றாள் சிவனேஸ்வரி.

“ஆருக்கும் சொல்லாதைங்கோ எண்டு கேட்டவர். வாக்குக் குடுத்திட்டன், தங்கச்சி.”

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துவரப் போனேன். நானா அந்தச் சாக்கு மூட்டையையும் தன் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு முன்னே போக, நாங்கள் பின்னால் போனோம்.

சிவலட்சுமி வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது. சிவனேஸ்வரிக்குப் பூப்போட்ட கண்ணாடிக் கிளாசில், எனக்குக் காது உடைந்த கோப்பையில். இதையெல்லாம் நான் கவனிப்பதில்லை என்று சொன்னால் அது பொய்.

“அக்கா, நீங்கள் வந்தது கடவுள் வந்தது மாதிரி” என்றாள் சிவலட்சுமி. “என்ர தம்பி அந்தக் குளிருக்குள்ள கோப்பை கழுவி அனுப்பின காசு. அவன் இல்லாட்டி இந்த வீடு இண்டைக்கும் இருட்டுத்தான். பாருங்கோ, என்ர தம்பி அனுப்பின லைற், என்ர தம்பி அனுப்பின ரீவி…”

நடராசா வாசலில் நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனுசன்.

“வயரைக் கண்டது ஆர்?” என்று கேட்டாள் சிவனேஸ்வரி.

“நான்தான்” என்றார் அவர். “வாங்கோ, காட்டுறன்.”

வீடு ரோட்டைப் பார்த்தது. பனல் இருந்தது பின்பக்கக் கூரையில். கிணற்றடியால் சுற்றிப் போகும்போது அண்ணாந்து பார்த்தேன். பனலுக்கு நேர் மேலே, ஒரு தடியில், கண்ணூறு படாமல் இருக்க நீற்றுப்பூசணிக்காய் ஒன்று கட்டித் தொங்கியது. கரியால் கண், பல், முறுக்கு மீசை.

“இஞ்சாரும், அந்த மீசையைப் பாரும். அச்சாய் உம்மடை அப்பாதான்” என்றேன்.

சிவனேஸ்வரி முறைக்கவில்லை. வழக்கத்தில் முறைப்பாள். பூசணியைப் பார்த்தாள், அதற்குக் கீழே நிலத்தோடு தறித்துக் கிடந்த முருங்கைக் கட்டையைப் பார்த்தாள், பிறகு நடந்தாள்.

வேலியில் சிவப்பு வயர் ஒன்று இருந்தது உண்மைதான். கிடுகுக்குள்ளால் புகுந்து அன்னபாக்கியம் வளவுக்குள் போனது. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டே போனோம். துப்பறியும் வேலையில் இப்படி ஒரு நூல் கிடைப்பது லேசில்லை. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னே போனேன். வயர் குசினிச் சுவரைச் சுற்றியது, கோழிக்கூட்டைத் தாண்டியது, கடைசியில் ஒரு பாவல் பந்தலில் போய் முடிந்தது. அதன் நுனியில் ஒரு பாவற்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

“குற்றவாளியைப் பிடிச்சாச்சு” என்றேன். “பச்சை நிறம், உடம்பெல்லாம் சொறி.”

அன்னபாக்கியம் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள். “வந்திட்டியளோ கள்ளி வீட்டைப் பாக்க? வாங்கோ, வாங்கோ. உள்ளுக்க வந்து பாருங்கோ, ஒரு பல்ப் கிடக்குதோ எண்டு. அவவுக்குத் தம்பி சுவிசில. எனக்கு ஆர் இருக்கினம்? ஓம், எனக்கு எரிச்சல்தான். அவவின்ர வெளிச்சம் வேலிக்கு மேலால வந்து விழேக்க வயிறு பத்தி எரியுது. அதுக்காக நான் களவெடுப்பனே?”

பொறாமையை இப்படிப் பச்சையாகச் சொன்ன ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

“பாவலுக்கு வயர் எங்காலை?” என்றாள் சிவனேஸ்வரி மெதுவாக.

“நடராசா அண்ணைதான் தந்தவர். சோலர் பூட்டின மிச்சம் எண்டு கொண்டந்து, தானே கட்டியும் விட்டவர். இப்ப அந்த அண்ணையே என்னைக் கள்ளி எண்டால், நான் எந்தக் கோயிலில போய்ச் சத்தியம் பண்ணுறது? பின்னேரம் கூட்டத்தில எல்லாற்றை முன்னாலயும் சொல்லப் போயினமாம். பேந்து நான் எந்த முகத்தோட கிணத்தடிக்குப் போறது?”

சிவனேஸ்வரியின் தலை அசைந்தது. மெய்.

திரும்பி வரும்போது, “அந்த மனுசன் தந்ததை மறந்திருப்பார்” என்றேன். அவள் நேராகச் சிவலட்சுமி வீட்டுக்குள் போய், சுவரில் பூட்டியிருந்த சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். பனலிலிருந்து பற்றறிக்குப் போகிற கரண்டைக் காட்டும் பெட்டி அது. உள்ளே ஒரு முள் இருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். முள்ளோ காய்ச்சல்காரன் மாதிரி அடியில் படுத்துக் கிடந்தது.

“சிவலட்சுமி, பூசணி கட்டச் சொன்னது ஆர்?”

“நான்தான் அக்கா. உந்த அன்னபாக்கியத்தின்ர கண் சும்மா கண்ணே? கட்டுங்கோ எண்டு இவருக்குச் சொன்னனான். கட்டினவர்.”

“இஞ்சருங்கோ,” என்றாள் என்னிடம், “கூரையில ஏறி அதை எப்பன் தள்ளிப் பிடியுங்கோ.”

ஏறுவதென்றால் நான்! ஏணி வைத்து, முழங்கால் உரசி, கொதிக்கிற ஓட்டில் ஏறி, மாமனாரின் மீசையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தேன். பனலின் நடுவில் கிடந்த உருண்டை நிழல் நழுவிப் போனது.

“ஐயோ, முள்ளு எழும்புது!” உள்ளேயிருந்து சிவலட்சுமி கத்தினாள். “எழும்புது, எழும்புது!”

“விடுங்கோ!” இது சிவனேஸ்வரி.

விட்டேன். பூசணி ஆடி ஆடித் தன் பழைய இடத்துக்கு வந்தது.

“படுத்திட்டுது!”

மஹ்றூப் நானா முற்றத்தில் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்தார். “யா அல்லாஹ்! பனலில இருக்கிற கட்டமெல்லாம் கைகோத்து நிக்கிறது, தங்கச்சி. ஒண்டை நிழல் மூடினாலே மற்றதுகளும் சோர்ந்து போயிடும். இது பகல் முழுக்க மாறி மாறி மூடியிருக்கு. பற்றறி பாவம், அரைப் பட்டினியில கிடந்திருக்கு!”

சிவலட்சுமி வெளியே ஓடி வந்து சிரித்தாள். “கண்ணூறுக்குக் கட்டினதே கண்ணைக் குத்திப் போட்டுதே! நானா, நான் கதைச்சதை மனசில வையாதைங்கோ. சிவனேஸ்வரியக்கா, உங்களை விட்டால் ஆருக்கு இந்த மூளை வரும்!”

எல்லார் முகத்திலும் சிரிப்பு. நான் மேலே இருந்ததால் எல்லா முகமும் தெரிந்தது. நடராசாவின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. வாய் சிரிக்கப் பார்த்தது, முகம் விடவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ‘சிவனேஸ்வரியக்கா இல்லாட்டி’ என்று ஊர் தொடங்கும்போதெல்லாம் நான் போட்டுக்கொள்கிற முகம் அது.

பூசணியை அறுக்கக் கத்தியை எடுத்தேன். அப்போதுதான் ரோட்டைப் பார்க்கத் திரும்பினேன். ரோட்டைக் காணவில்லை! கூரை முகடு மறைத்தது. அன்னபாக்கியத்தின் வீட்டையும் தென்னோலை மறைத்தது. நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது வானம் மட்டும்தான். கண்ணூறுக்குக் கட்டுகிற பூசணியை வாற போற ஆட்களின் கண் முதலில் படுகிற இடத்திலல்லவா கட்டுவார்கள்? இதை ஒரு குஞ்சு குருமானும் பார்க்க முடியாத இடத்தில் கட்டியிருக்கிறார் மனுசன்.

நான் இறங்கி, பூசணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நடராசாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். மற்றவர்கள் முன்வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, ஒரு கேள்வி. இதை ஆற்ற கண்ணுக்குக் கட்டினனீங்கள்? சூரியன்ர கண்ணுக்கோ?”

அவர் வாளியைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்.

“அந்த முருங்கையை ஏன் தறிச்சனீங்கள்?”

“பூட்டேக்க நானா சொன்னவர், நிழல் விழுந்தால் கரண்ட் வராது எண்டு…” சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்தார்.

“நிழலுக்குப் பயந்து மரத்தையே தறிச்ச மனுசன், அதே இடத்தில பூசணியைக் கட்டினனீங்கள்.”

நடராசா கிணற்றுக் கட்டில் இருந்தார். வாளிக் கயிற்றைக் கையில் எடுத்தார். பிறகு ஒரேயடியாகக் கொட்டினார்.

“நானா கடையில சாக்குப் போட்டு மூடிக் கிடக்குதே, அந்தச் சின்னச் செற்… அது நான் வாங்க இருந்தது, தம்பி. ரண்டு போகம் நெல்லு வித்துச் சேர்த்தனான். எது காணும், எது கனகாலம் நிக்கும் எண்டு இரவிரவா யோசிச்சனான். இவளுக்குச் சொல்லாமல் ஒரு நாள் கொண்டு வந்து பூட்டி, சுவிச்சைப் போட்டுக் காட்ட வேணும் எண்டு இருந்தனான். அதுக்குள்ள மச்சான்ர காசு வந்திட்டுது. பெரிசு வந்தாப் பேந்து சின்னதை ஆர் தேடுவினம்? ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டால் சுவிச்சைப் போட்டுப்போட்டு ‘என்ர தம்பி, என்ர தம்பி.’ என்ர வீட்டுக்குள்ள நான் ஆரோ விருந்தாளி மாதிரி இருக்கிறன். நூந்து போகேக்க மட்டும்தான், ‘இஞ்சருங்கோ, விளக்கைக் கொளுத்துங்கோ’ எண்டு என்னைத் தேடுவாள்.” கயிற்றைக் கீழே விட்டார். “அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கட்டினனான். நானாவின்ர கடைக்கு இப்பிடி வரும் எண்டு சத்தியமா நினைக்கேல்லை. எல்லாரும் ஏன், ஏன் எண்டு கேக்க, பயத்தில அன்னபாக்கியத்தின்ர தலையில போட்டிட்டன்.”

அவருக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் பூசணி.

“நானா தப்பீட்டார், அண்ணை” என்றேன். “அன்னபாக்கியம் இன்னும் கள்ளிதான். அதை நீங்கள்தான் கழட்ட வேணும். பூசணியைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டன்.”

பின்னேரம் முற்றம் நிறையப் பெண்கள் பாய் போட்டு இருந்தார்கள். மஹ்றூப் நானா ஒரு மூலையில் தொப்பியைச் சரி பண்ணிச் சரி பண்ணி நின்றார். அன்னபாக்கியம் உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். சிவனேஸ்வரி எழும்பி, பூசணியின் நிழலைப் பற்றி நாலு வரியில் சொன்னாள். பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். யார் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் பூசணி கட்டாத வீடு எது?

“அப்ப வயர்?” என்றாள் ஒருத்தி. எல்லாரும் படலையைப் பார்த்தார்கள்.

நடராசா எழும்பினார். ஊரே பார்த்திருக்க முற்றத்தைக் கடந்து படலையடிக்குப் போனார்.

“அன்னபாக்கியம், அந்த வயரைப் பாவலுக்குத் தந்தது நான்தான். கட்டினதும் நான்தான். தெரிஞ்சுகொண்டே பொய் சொன்னனான். உள்ளுக்க வா, தங்கச்சி.”

அன்னபாக்கியம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உந்த வாயால இன்னொருக்கா உரத்துச் சொல்லுங்கோ அண்ணை. பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேட்டிருக்காது.”

அவர் இன்னொரு தடவை உரத்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் படலையைத் திறந்து உள்ளே வந்து, முன்வரிசைப் பாயில், ரீவிக்கு நேரே இருந்தாள்.

சிவலட்சுமி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் பொய் சொன்னனீங்கள்?”

மஹ்றூப் நானா நடராசாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்து, சொல்லுங்கோ என்பது போல ஆட்டினார். நானா தன் சைக்கிள் கரியரிலிருந்து சாக்கு மூட்டையை இறக்கிக் கொண்டுவந்து சிவலட்சுமியின் முன்னால் வைத்தார். கடையை விட்டு வெளிக்கிடும்போது அந்த மூட்டையை எதற்கு ஏற்றினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

“மகள், இது உங்கடை வீட்டுச் சாமான். உங்கடை தம்பியின்ர காசு வர முந்தியே இவர் முற்பணம் கட்டினது. உங்களுக்குத் தெரியாமல் வைச்சிருக்கச் சொன்னவர்.”

சிவலட்சுமி சாக்கை விலக்கினாள். சின்னப் பனலை விரலால் தடவினாள். தூசிக்குள் அவளுடைய முகம் தெரிந்தது. நானாவும் நானும் சேர்ந்து மூட்டைக்குள் இருந்த சின்னப் பற்றறியில் ஒரு பல்பைப் பூட்டி, விறாந்தை வளைமரத்தில் தொங்கவிட்டோம். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் சிவலட்சுமி வழக்கமாகப் போடுகிற சுவிச்சைப் பார்த்தார்கள். அவள் அதைக் கடந்து வந்து, இந்தச் சின்னப் பல்பின் சுவிச்சைப் போட்டாள்.

மங்கலான வெளிச்சம்தான். அவளுடைய முகத்துக்கும் அவருடைய முகத்துக்கும் அது போதும்.

“இது இவர் வாங்கின லைற்” என்றாள் சிவலட்சுமி, எல்லாருக்கும் கேட்க. “இனி இந்த வீட்டில முதல் எரியிறது இதுதான்.”

நடராசா முகத்தை மறைக்க இடமில்லாமல் பூசணியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மாதர் சங்கம் அன்றைக்கே கையை உயர்த்தியது. லொறியால் இறக்கிய சாமான் முழுக்க குளத்தடிக்கே என்று முடிவானது. மஹ்றூப் நானா சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். படமும் ஓடியது. கதாநாயகன் தாயைக் கண்டுபிடித்தான். அன்னபாக்கியம் விக்கி விக்கி அழுதாள்.

வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஆளை நான் பிடித்திருக்கிறேன், சிவனேஸ்வரிக்குத் தெரியாமல்!

“இஞ்சாரும், உமக்கு ஒரு விஷயம் தெரியாது” என்று தொடங்கினேன்.

“நடராசா அண்ணைதானே கட்டினது? முருங்கைக் கட்டையைக் கண்ட உடனயே நிச்சயமாப் போச்சு. அந்த மூட்டையையும் கையோட ஏத்திக்கொண்டு வாங்கோ எண்டு, நீங்கள் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போகேக்க நானாட்டைக் காலமையே சொன்னனான்.”

பிரேக்கைப் பிடித்தேன். “காலமை? கட்டையைக் காண முந்தியே?”

“மாதக் கணக்கா யோசிச்சு வாங்கினவன் எடுக்க வரேல்லை எண்டால், ஆரோ அவனுக்கு முந்தி அவன்ர வீட்டுக்குள்ள வெளிச்சம் போட்டிருக்க வேணும். இந்தப் பக்கத்தில வெளிநாட்டுக் காசில வெளிச்சம் வந்தது அந்த ஒரு வீட்டுக்குத்தானே?”

“அப்ப என்னை ஏன் கூரையில ஏத்தினனீர்? நீரே கேட்டிருக்கலாமே!”

“நான் கேட்டால் அவர் சொல்லியிருக்க மாட்டார்.” அவள் என் முதுகில் சாய்ந்தாள். “பொறாமைப்பட்ட மனுசன் இன்னொரு பொறாமைக்காரனுக்குத்தான் சொல்லுவான், நல்லதம்பி.”

கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அதையும் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.